இழுவை பேக்ஹோ: இன்ஜினை மாற்றுவதா, வேறு எங்கே கை வைப்பது?

#1 மேட்டுநிலம்

வணக்கம். பழைய இழுவை பேக்ஹோ (குழி தோண்டும் இயந்திரம்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. தானாக ஓடாது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், முன்னால் இரண்டு ஜாக்கி கால்களை ஊன்றிவிட்டுத் தோண்டும் ரகம். மொத்த எடை 500 கிலோ அளவில் இருக்கும். 9 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், 5 சிசி கியர் பம்ப், 20 லிட்டர் ஆயில் டேங்க், 30 செ.மீ. பக்கெட். பூம் (அடிக்கை), ஸ்டிக் (முன்கை), பக்கெட், ஸ்விங் (பூமைப் பக்கவாட்டில் திருப்புவது), இரண்டு கால்கள் என்று ஆறு லீவர்.

வேலை என்னவென்றால் வடிகால் குழாய்க்குப் பள்ளம், மரக்கன்றுக் குழி, அப்புறம் பழைய மரத்தின் அடிக்கட்டைகளைப் பிடுங்குவது.

குறைகள்:
இறுகிய மண்ணில் பக்கெட் நின்றுவிடுகிறது. ஸ்விங் லீவரைத் தொட்டாலே பூம் சாட்டை மாதிரி வீசுகிறது. கொஞ்ச நேரம் ஓட்டினால் ஆயில் கொதிக்கிறது, அதற்குமேல் எல்லாமே சோம்பலாகிவிடுகிறது. மூட்டுகளைக் கோக்கும் பின்கள் எல்லாம் ஆட்டம்.

15 குதிரைத்திறன் இன்ஜின், பெரிய பம்ப், ரிலீஃப் வால்வை (ஆயில் அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்து டேங்குக்குத் திருப்பிவிடுவது) 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றுவது என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். வரிசை சரியா?

#2 ஆயில்கறை

சரியில்லை. இன்ஜினைக் கடைசியில் வையுங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கடைசி வரவே வராது.

கணக்கைப் பாருங்கள். ஹைட்ராலிக்கில் தேவைப்படும் கிலோவாட் = பார் × நிமிடத்துக்கு லிட்டர் ÷ 600. உங்கள் பம்ப் ஒரு சுற்றுக்கு 5 சிசி, நிமிடத்துக்கு 3200 சுற்றில் 16 லிட்டர் தரும். 140 பார் என்று வைத்தால் 3.7 கிலோவாட். பம்பின் இழப்பையும் சேர்த்தால் 4.4, அதாவது ஏறக்குறைய 6 குதிரைத்திறன். கையில் இருப்பது 9. எங்கே குறைகிறது?

இன்னொன்று. அழுத்தம்தான் பலம், ஆயில் ஓட்டம்தான் வேகம். பெரிய பம்ப் போட்டால் பக்கெட் வேகமாக வந்து அதே இடத்தில் நிற்கும்.

#3 பதின்மூன்று குதிரை

ஆயில்கறை சொல்வது காகிதத்தில் சரி. நான் 9-ஐக் கழற்றிவிட்டு 390 சிசி இன்ஜின் போட்டிருக்கிறேன், 13 என்று விற்கும் ரகம். அதோடு 8 சிசி பம்ப். வேலை வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடியிருக்கிறது. ஒரே சமயத்தில் பூமையும் ஸ்டிக்கையும் இயக்கினால் முன்பு இரண்டுமே ஊர்ந்தன, இப்போது அப்படியில்லை. பெரிய இன்ஜின் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள்.

#4 ஆயில்கறை

வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் கேட்ட குறைக்கு அது மருந்தில்லை என்கிறேன். உங்களுக்குக் கிடைத்தது வேகம். அவர் கேட்பது இறுகிய மண்ணில் பலம்.

#5 லீவர்கை

மேட்டுநிலம் அண்ணே, முதலில் ஒரு சோதனை. இறுகிய மண்ணில் பக்கெட் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பக்கெட்டைப் பார்க்காமல் இயந்திரத்தின் மற்ற பாகங்களைப் பாருங்கள்.

இன்ஜின் திணறி அணையப் பார்த்தால், சக்தி போதவில்லை அல்லது கார்புரேட்டர் அல்லது கவர்னர் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) கோளாறு. இன்ஜின் நிதானமாக ஓட, வால்விலிருந்து கீச்சென்ற சத்தம் வந்தால் ரிலீஃப் திறக்கிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போய்விட்டது என்று பொருள். இரண்டும் இல்லாமல் இயந்திரமே பள்ளத்தை நோக்கி நகர்ந்தாலோ ஜாக்கி கால் மண்ணைவிட்டு எழுந்தாலோ, எடைதான் போதவில்லை. சத்தமும் இல்லை, நகரலும் இல்லை, பக்கெட் சும்மா நிற்கிறது என்றால் ஆயில் எங்கோ உள்ளுக்குள்ளேயே கசிந்து போகிறது.

250 பார் வரை காட்டும் அழுத்த கேஜ் ஒன்று, கிளிசரின் நிரப்பியது, பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் நாம் பேசுவதெல்லாம் குருட்டு ஜோசியம்.

#6 மேட்டுநிலம்

கேஜ் மாட்டிப் பார்த்தேன். ஆயில் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டர் கடைசிவரை போய் முட்டி நின்றால் 135 பார். சூடான பிறகு 95-தான் வருகிறது. நல்ல மண்ணில் பிரச்சினையே இல்லை. இறுகிய இடத்தில், ஆயில் குளிர்ச்சியாக இருக்கும்போது, இயந்திரமே பள்ளத்தை நோக்கி இழுபடுகிறது. பூமைக் கீழே அழுத்தினால் கால்கள் இரண்டும் தூக்கிக்கொள்கின்றன. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கிறது, அணையவில்லை.

#7 களிமண்

அப்படியானால் 15 குதிரைத்திறன் போட்டால் இன்னும் வேகமாகப் பள்ளத்துக்குள் போகலாம்.

#8 லீவர்கை

களிமண் கிண்டல் செய்தாலும் விஷயம் அதுதான்.

உங்கள் பூம் சிலிண்டர் 63 மி.மீ. உள்விட்டம் என்று எடுத்துக்கொள்வோம். பரப்பு 31 சதுர செ.மீ. சொச்சம். 140 பாரில் தள்ளுவிசை 4.4 டன். பக்கெட் சிலிண்டரும் அதே அளவு என்றால், நெம்புகோல் விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பல்முனைக்கு வருகிறது என்று குறைத்துப் போட்டாலும் 850 கிலோவுக்கு மேல். ஆனால் 500 கிலோ இயந்திரம் காய்ந்த மண்ணில் வழுக்காமல் தாங்குவது அதன் எடையில் பாதி, 250 கிலோ. ஈர மண்ணில் அதுவும் இல்லை. பல்லில் 850 இருக்கிறது, பிடிமானம் 250. எது முதலில் தோற்கும்?

கீழே அழுத்துவது இன்னும் மோசம். சக்கரத்துக்கும் ஜாக்கி காலுக்கும் 1.2 மீட்டர், எடை மையம் நடுவில், பக்கெட் காலிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டை மண்ணில் அழுத்தினால் இயந்திரம் சக்கரத்தை அச்சாக வைத்துக் கால் பக்கம் எழும்பும். 500 × 0.6 ÷ 3 = 100 கிலோ. ஒரு ஆள் பக்கெட் மேல் ஏறி நிற்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இதற்கு 200 பார் எதற்கு? ரிலீஃபை ஏற்றினால் சட்டமும் பின்களும்தான் அந்தக் கூடுதல் பாரத்தை வாங்கும்.

இவ்வகை இயந்திரத்தில் எல்லையை வைப்பது எடை. இன்ஜின் அல்ல. அந்த எடைக்குள் என்ன செய்ய முடியும் என்றுதான் யோசிக்க வேண்டும். ஜேசிபி செய்வதை இதனிடம் கேட்கக் கூடாது.

#9 மேட்டுநிலம்

புரிகிறது. அப்படியானால் பின்னால் கான்கிரீட் கட்டை ஏற்றலாமா?

#10 லீவர்கை

எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன அதே அளவுகளை வைத்துப் பாருங்கள். 100 கிலோவைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தால், தூக்கும்போது ஜாக்கி கால் அச்சாவதால் பக்கெட்டில் கூடுதலாக 65 கிலோ தூக்கலாம். அதே 100 கிலோ, கீழே அழுத்தும்போது ஒரு கிலோவுக்குக்கூட உதவாது, ஏனென்றால் அப்போது சக்கரமே அச்சு. சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால் அழுத்துவது குறையும். ஜாக்கி கால்களுக்கு மேலே வைத்தால் அழுத்துவதற்கு 40 கிலோ கூடும், தூக்குவதற்கு ஒன்றும் கூடாது. வழுக்காமல் இருப்பதற்கு மட்டும் எங்கே வைத்தாலும் பலன்.

நிரந்தரமாக எதையும் பற்றவைக்காதீர்கள். இழுத்துப் போகும்போது அந்த எடை சின்னச் சக்கரங்களின் மேல்தான் உட்காரும். வேலை இடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் கேன்களுக்கு ஒரு தட்டு அடித்தால் போதும், கிளம்பும்போது கொட்டிவிடலாம்.

ஆனால் எடை ஏற்றுவதற்கு முன் காலின் பாதங்களைச் சரிசெய்யுங்கள். அதில்தான் அதிகப் பலன்.

#11 பட்டறைவாசி

பாதம் பற்றி நான் சொல்கிறேன், அது என் வேலை.

இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு தட்டையான தகடுதான் பாதமாக வரும். புல்வெளி கெடாது, ஆனால் மண்ணில் பிடிக்காது. நான் செய்வது திருப்பிப் போடும் பாதம்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் 10 மி.மீ. தகட்டில் 60 முதல் 70 மி.மீ. உயரத்துக்கு இரண்டு கத்திகள். கத்தி பள்ளத்துக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் மண்ணை உழுதுகொண்டு அப்படியே வழுக்கும். பாதத்தைப் பின் மேல் ஆடவிடுங்கள், சரிவில் கால் சாய்ந்தாலும் பாதம் முழுதாக மண்ணில் உட்காரும்.

இதை மாட்டிய பிறகு இயந்திரம் இழுபடுவது நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழுக்குவதற்கு முன் மண்ணைப் பிய்த்தாக வேண்டும் என்பதால் ஸ்டிக்கின் பலம் அதிகமாகத் தோண்டும் வேலைக்கே போகும்.

#12 ஆயில்கறை

இப்போது வெப்பம். 135 என்பது 95 ஆவதுதான் உண்மையான நோய்.

சிலிண்டர் முட்டிய பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால், அல்லது பக்கெட் சிக்கி நிற்கும்போது விடாமல் இழுத்தால், பம்ப் தரும் ஆயில் முழுவதும் ரிலீஃப் வழியே டேங்குக்குத் திரும்புகிறது. அந்த 3.7 கிலோவாட்டும் வெப்பமாகிறது. உங்கள் 20 லிட்டர் ஆயிலை அது நிமிடத்துக்கு 6 டிகிரிக்கு மேல் ஏற்றும். நாலைந்து நிமிடம் முரட்டுத்தனமாக இழுத்தால் கதை முடிந்தது.

ஆயில் சூடானால் நீர்க்கும். 46 நம்பர் ஆயில் என்றால் அந்த 46 என்பது 40 டிகிரியில் இருக்கும் பாகுநிலை. 80 டிகிரியில் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். பம்புக்குள் பற்சக்கர இடைவெளியில் ஆயில் வழுக்கித் திரும்பும், அழுத்தம் விழும். நல்ல பம்பிலும் இது கொஞ்சம் நடக்கும். 135-லிருந்து 95-க்கு விழுவது கொஞ்சம் இல்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், ரிலீஃப் வால்வின் பந்து உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கலாம், ஏதாவது ஒரு சிலிண்டர் சீல் போயிருக்கலாம்.

பிரித்தறிய வழி: ஆயில் சூடாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டராக முட்டவைத்து கேஜைப் பாருங்கள். ஒரே ஒரு லீவரில் மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டர். எல்லாவற்றிலும் குறைந்தால் பம்ப் அல்லது ரிலீஃப். ரிலீஃபைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதற்குச் செலவில்லை, அதை முதலில் செய்யுங்கள்.

டேங்கைத் திறக்கும்போதே இவற்றையும் பாருங்கள். திரும்பும் ஆயில் டேங்கின் அடியில், ஆயில் மட்டத்துக்குக் கீழே விழ வேண்டும். மேலேயிருந்து கொட்டினால் நுரைக்கும். திரும்பும் வாயும் உறிஞ்சும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நடுவில் ஒரு தடுப்புத் தகடு வேண்டும், இல்லையென்றால் சூடான ஆயில் ஆறாமலே மறுபடி பம்புக்குப் போகும். உறிஞ்சும் ஹோஸ் உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. போட்டிருந்தால் ஆயில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும், பம்ப் மூச்சுத்திணறிக் கத்தும். திரும்பும் வழியில் 10 மைக்ரான் ஃபில்டர். உங்கள் இயந்திரத்தில் அது இருக்கிறதா என்றே சந்தேகம், பலவற்றில் வைக்காமலே விற்கிறார்கள்.

#13 மேட்டுநிலம்

ஃபில்டர் இல்லை. உறிஞ்சும் பக்கம் ஒரு கம்பி வலை மட்டும் இருக்கிறது, அதிலும் பாதி அடைத்திருந்தது. ரிலீஃபைக் கழற்றினேன், பந்து உட்காரும் இடத்தில் உலோகத் துகள். துடைத்துப் போட்டதும் சூட்டில் 95 என்பது 115 ஆனது. எல்லா லீவரிலும் ஒரே அளவு.

#14 ஆயில்கறை

அப்படியானால் மீதி பம்ப்தான். உலோகத் துகள் அதிலிருந்தே வந்திருக்கும். ஃபில்டர் போட்டு, டேங்கைக் கழுவி, ஆயிலை மாற்றிவிட்டுப் பம்பை மாற்றுங்கள். அதே 5 சிசி அல்லது 6 சிசி. அதற்குமேல் வேண்டாம்.

பம்ப் வாங்கும்போது சுழலும் திசையைப் பாருங்கள். இந்தச் சின்ன இன்ஜின்களின் தண்டு, தண்டு முனையை நேராக நின்று பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பம்ப் அதற்கு எதிர்முகமாக உட்காருகிறது. ஆகவே பம்பின் தண்டு முனையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும் பம்ப் வேண்டும். மாற்றி வாங்கி மாட்டினால் முதல் நிமிடத்திலேயே தண்டு சீலைத் துப்பும்.

#15 விறகுவெட்டி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விறகு பிளக்கும் இயந்திரத்தில் இரட்டைநிலை பம்ப் வருகிறதே, சும்மா நகரும்போது வேகம், பாரம் வந்தால் பலம்? அதைப் போட்டால் சின்ன இன்ஜினிலேயே இரண்டும் கிடைக்குமே.

#16 ஆயில்கறை

விறகு பிளக்க ஒரே ஒரு சிலிண்டர், நேராகப் போய் நேராக வரும். அங்கே அது அருமை. பேக்ஹோவில் அழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அந்தப் பம்ப் 30, 40 பார் வந்ததும் பெரிய பற்சக்கரத்தை விலக்கிவிடும். ஆயில் ஓட்டம் திடீரென்று நான்கில் ஒரு பங்குக்குப் போகும், பாரம் குறைந்ததும் மறுபடி பாயும். நீங்கள் பக்கெட்டை மெல்லக் கொண்டுவரும்போது அது நடுவில் தயங்கித் தாவும். குழாய்க்குப் பக்கத்தில் தோண்டும்போது அப்படித் தாவினால் என்னாகும்?

#17 பதின்மூன்று குதிரை

நான் முதலில் அதைத்தான் யோசித்து விட்டுவிட்டேன், ஆயில்கறை சொல்லும் அதே காரணம். ஆனால் பெரிய இன்ஜின் பற்றி இன்னொரு கோணம் இருக்கிறது. 8 சிசி பம்பை நான் 3200-ல் ஓட்டுவதில்லை. 2400 சுற்றில் வைத்தாலே நிமிடத்துக்கு 19 லிட்டர். சத்தம் பாதியாகத் தெரிகிறது. காதுக்குப் பக்கத்தில் சைலன்சர் இருக்கும் இயந்திரத்தில் அது சின்ன விஷயமில்லை.

#18 ஆயில்கறை

இதை ஒத்துக்கொள்கிறேன். அமைதிக்காகப் பெரிய இன்ஜின் என்றால் எனக்கு மறுப்பில்லை. சின்னப் பெட்ரோல் இன்ஜினை முழுச் சக்தியில் மணிக்கணக்கில் அடிப்பதைவிடப் பெரியதை நிதானமாக ஓட்டினால் நாள்படும்.

#19 மேட்டுநிலம்

இன்ஜின் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். ஸ்விங்? இது எரிச்சல் மட்டுமல்ல, பயமாகவும் இருக்கிறது. பக்கத்தில் ஆளை நிற்கவிட முடியவில்லை.

#20 ஆயில்கறை

ஆளை எப்படியும் நிற்கவிடாதீர்கள்.

ஸ்விங் சிலிண்டரின் இரண்டு வாயிலும் துளைத் தடுப்பான் வையுங்கள். கடையில் ஒருவழித் தடுப்பானாகவே கிடைக்கும், ஆயில் உள்ளே தடையின்றிப் போகும், வெளியே வரும்போது மட்டும் சின்னத் துளை வழியாக வர வேண்டும். வெளியேறும் பக்கம்தான் தடுக்க வேண்டும். உள்ளே போவதைத் தடுத்தால், மண் நிறைந்த பக்கெட்டின் வேகம் பூமைத் தானே இழுத்துக்கொண்டு ஓடும், தடுப்பான் வேடிக்கை பார்க்கும்.

1.5 மி.மீ. துளை வழியே 100 பார் வித்தியாசத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவு போகும். 1.2 என்றால் ஆறரை. 1.5-ல் தொடங்குங்கள், போதவில்லையென்றால் சின்னதாக்குங்கள். துளையைப் பெரிதாக்குவது எளிது, சின்னதாக்க வேறு திருகு வேண்டும் என்பதால் இரண்டு மூன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலிண்டரின் தண்டுப் பக்கம் பரப்பு குறைவு. அங்கே வெளியேறும் ஆயிலைத் தடுத்தால் அந்தப் பக்க அழுத்தம் பம்பின் அழுத்தத்தைவிட ஏறும். 63 மி.மீ. சிலிண்டர், 35 மி.மீ. தண்டு என்றால் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. 140 என்பது 200 ஆகும். ஸ்விங் ஹோஸ்கள் அதைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும்.

#21 லீவர்கை

அதோடு பூம் திடீரென்று நிற்கும்போது வரும் அடியையும் கவனியுங்கள். லீவரை விட்டதும் வால்வு மூடிவிடும், பூமும் மண்ணும் நிற்க மறுக்கும், அந்த இடி முழுவதும் அடைபட்ட ஆயிலில் இறங்கும். ஸ்விங் பின் உடைவதும் ஸ்விங் கூட்டின் பற்றவைப்பு பிளப்பதும் இதனால்தான். இரண்டு ஹோஸ்களுக்கும் நடுவில் குறுக்கு ரிலீஃப் வால்வு ஒன்று வைத்தால் அந்த இடி எதிர்ப்பக்கம் வடிந்துவிடும். அது வரும்வரை லீவரைப் படக்கென்று விடாமல் மெல்ல நடுவுக்குக் கொண்டுவரும் பழக்கம் போதும்.

#22 பட்டறைவாசி

பின்களுக்கு வருகிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் மேட்டுநிலத்தின் இயந்திரத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான்.

இந்த ரக இயந்திரங்களில் பல இடத்தில் பின் என்ற பெயரில் சாதாரண போல்ட்டைப் போட்டிருப்பார்கள். மரை உள்ள பகுதியே துளைக்குள் உரசும், அரம் போலத் தகட்டைத் தின்னும். துளை முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் பின் போட்டுப் பயனில்லை, ஒரு மாதத்தில் அதுவும் ஆடும்.

செய்ய வேண்டியது: துளையைப் பெரிதாகக் கடைந்து, தடித்த குழாயை வெளியிலிருந்து பற்றவைத்து, அதற்குள் வெண்கல அல்லது கடின எஃகு புஷ் (பின் உரசிச் சுழலும் உள்வளையம்) அடித்து, மேற்பரப்பு கடினமாக்கிய பின் போடுவது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி. கிரீஸ் நிப்பிளைப் பின்னின் தலையில் வைத்து, பின்னுக்கு உள்ளேயே துளை போட்டு நடுவில் வெளியே விடுவது நல்லது. பக்கவாட்டில் வைத்தால் பள்ளத்தின் சுவர் பட்டே உடையும். பூமின் இரண்டு தட்டுகளையும் ஒன்றாக இறுக்கிவைத்து ஒரே மூச்சில் கடையுங்கள். தனித்தனியே கடைந்தால் பின் நேராகப் போகாது, புஷ் ஒரு பக்கம் தின்னும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். பூமின் அடிப்பின், ஸ்விங் பின் இரண்டும் முதலில். ஸ்டிக் முனை அடுத்து. ஜாக்கி கால் பின்கள் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும்.

பற்றவைக்கும்போது எர்த் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பின், புஷ், சிலிண்டர் தண்டு வழியே போய் அங்கெல்லாம் பொறிவைக்கும். விரிசல் அடைக்க 7018 வெல்டிங் ராடு, நன்றாகக் காயவைத்தது. பூமின் மேல் விரிசலுக்குச் சதுரத் தகட்டை வைத்து ஒட்டாதீர்கள். சதுரத்தின் குறுக்கு ஓரத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும். வைர வடிவில் வெட்டி, கூர்முனைகள் பூமின் நீளவாக்கில் இருக்கும்படி வையுங்கள்.

#23 நடுநிசி

பம்பையும் புஷ்ஷையும் மாற்றுவது சரி, தோண்டும் முறையைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். பூமால் அழுத்தி அழுத்தித்தான் தோண்டுகிறேன்.

#24 லீவர்கை

பூமால் தோண்டக் கூடாது. அந்த 100 கிலோக் கணக்கை மேலே பாருங்கள். பூம் ஆழத்தைச் சரிசெய்யத்தான். தோண்டுவது ஸ்டிக், நிரப்புவது பக்கெட்.

பக்கெட்டைத் தூரத்தில் இறக்குங்கள். பல் மண்ணுக்குள் கத்தி போல நுழையும் சாய்வில் இருக்கட்டும். பக்கெட்டின் அடிப்புறம் மண்ணில் உரசினால் சாய்வு தவறு, பல் நுழையாமல் சறுக்கும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுங்கள், 10 செ.மீ. கனத்துக்கு மண்ணைச் சீவுங்கள். இயந்திரம் இழுபடத் தொடங்குகிறது என்று தெரிந்தால் பூமை மயிரிழை தூக்குங்கள், சீவல் மெலியும், மறுபடி நகரும். பாதி தூரத்தில் பக்கெட்டைச் சுருட்டி நிரப்புங்கள். சின்ன இயந்திரத்தில் ஆழமாக ஒரே கடி கடிப்பதைவிட மெல்லிய சீவல் மூன்று வேகமாக முடியும், ரிலீஃப் திறக்காததால் ஆயிலும் சூடாகாது. ஆயில்கறை சொன்ன வெப்பத்தில் பெரும்பங்கு ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது.

கெட்டித் தரையில் ஒரு படலம் மட்டும் இறுக்கமாக இருந்தால் நடுப்பல்லைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு அதை மட்டும் கொண்டு கீறுங்கள். முழு அகலத்துக்கும் பரவிய பலம் ஒரு பல்லில் சேரும். கீறிய பிறகு பல்லை மாட்டி அள்ளுங்கள்.

அடிக்கட்டைக்கு நேராகப் பாயாதீர்கள். சுற்றிலும் பள்ளம் எடுத்து, தெரிகிற வேர்களை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து சாய்க்க வேண்டும். கட்டையைத் தூக்கப் பார்த்தால் இயந்திரம்தான் தூக்கிக்கொள்ளும்.

இடம் மாறும்போது: பக்கெட்டை மண்ணில் ஊன்றி, இரண்டு கால்களையும் தூக்கி, ஸ்டிக்கை நீட்டினால் இயந்திரம் பின்னால் போகும். பள்ளத்தைத் தூர முனையில் தொடங்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தால் இதுவே போதும். சரிவான நிலத்தில் இப்படிச் செய்ய வேண்டாம். கால் தூக்கியதும் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. சரிவில் மண்ணை மேட்டுப் பக்கம் கொட்டுங்கள், சரிவின் கீழ்ப் பக்கம் ஸ்விங் செய்யும்போதுதான் இது கவிழும்.

#25 களிமண்

இழுத்துப் போவது பற்றி ஒரு வரி. பூமை ஹைட்ராலிக்கை நம்பி விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். இந்த வால்வுகள் எல்லாம் மெல்லக் கசியும். பின் போட்டு, சங்கிலியும் போடுங்கள், ஸ்விங்குக்கும் சேர்த்து. கொக்கியில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உட்கார வேண்டும், 500 கிலோவுக்கு 50 முதல் 75. குறைந்தால் பின்பக்கம் பாம்பாக ஆடும். ஸ்பிரிங் இல்லாத அச்சு, சின்ன டயர், ஆகவே நிதானம். சாலையில் அடிக்கடி கொண்டுபோவதாக இருந்தால் ட்ரெய்லரில் ஏற்றிப் போவதே மேல். ஒரு வரி என்றேன், நீண்டுவிட்டது.

#26 ஆயில்கறை

ஹோஸ் எல்லாம் மாற்றப்போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து 100 பாரில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது. அது அறுவைச் சிகிச்சை அவசரம், நேரம் கடந்தால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டை வைத்துப் பாருங்கள். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, எல்லா லீவரையும் இருபுறமும் அசைத்து அழுத்தத்தை வடியுங்கள்.

#27 லீவர்கை

அதே போலப் பள்ளம். இந்த இயந்திரம் 2 மீட்டர் தோண்டும் என்பதற்காக அதற்குள் இறங்கலாம் என்று பொருளில்லை. 1.2 மீட்டருக்கு மேல் போனால் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் அல்லது சரிவாக வெட்டாமல் யாரையும் இறக்காதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கொட்டுங்கள். மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேட்டு உறுதிசெய்யாமல் பல்லை இறக்காதீர்கள்.

#28 மேட்டுநிலம்

இதுவரை முடிந்தது: புதுப் பம்ப், அதே 5 சிசி. திரும்பும் வழியில் ஃபில்டர். டேங்கில் தடுப்புத் தகடு. ஸ்விங்கில் 1.5 மி.மீ. தடுப்பான். பட்டறைவாசி சொன்ன மாதிரி கத்தி வைத்த பாதம். இன்ஜின் அதே 9.

சூட்டிலும் 130 பார் நிற்கிறது. ரிலீஃபை 140-க்கு மேல் ஏற்றவில்லை. இறுகிய இடத்தில் இன்னமும் சில சமயம் இழுபடுகிறது, ஆனால் மெல்லச் சீவினால் போகிறது. ஸ்விங் இப்போது வேறு இயந்திரம் மாதிரி. பூம் அடிப்பின் இந்த வாரம் கடைசலுக்குப் போகிறது.

இன்னொரு கேள்வி. கட்டைகளைப் பிடித்துத் தூக்கப் பக்கெட்டுக்கு எதிரே ஒரு கட்டைவிரல் வைக்க ஆசை. ஏழாவது லீவர் இல்லை. வால்வையே மாற்ற வேண்டுமா?

#29 பட்டறைவாசி

வேண்டாம். ஸ்டிக்கின் அடியில் ஒரு காது (துளையுள்ள தகடு) பற்றவைத்து, நீளும் தண்டால் மூன்று நிலைகளில் பின் போட்டு நிறுத்தும் கட்டைவிரல் செய்யுங்கள். அது அசையாமல் நிற்கும், பக்கெட்தான் அதை நோக்கிச் சுருளும். வேலையில்லாதபோது மடித்து ஸ்டிக்கோடு ஒட்டிவைக்கலாம். 12 கிலோவுக்குள் முடியுங்கள், முனையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் தூக்கும் எடையில் கழியும்.

#30 ஆயில்கறை

அந்தத் தண்டின் பின்னை மட்டும் மற்ற பின்களைவிட மெலிதாகப் போடுங்கள், 10 மி.மீ. போதும். பக்கெட் சிலிண்டரின் முழுப் பலமும் கட்டைவிரலில் இறங்கும்போது முதலில் அறுவது அதுவாக இருக்கட்டும். ஸ்டிக் வளைந்தால் நிமிர்த்த முடியாது. உதிரியாக நாலு பின் வெட்டி டேங்க் பக்கத்தில் கட்டிவையுங்கள்.